ஊர்ந்து சென்ற கவசம்

கல்லலில் நம்மிடம் அரபி ஓதும் மாணவர்கள், அரபு நாளேடுகளின் போர்ச் செய்திகளில் ‘தப்பாபா’ என்னும் சொல்லைக் கண்டு பொருள் கேட்பதுண்டு. டாங்கி என்று விடை கூறிவிடலாம். ஆயினும், டாங்கி பிறந்து நூறாண்டுகள் சற்றே கடந்திருக்க, அச்சொல்லோ ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு வரலாற்றிலேயே வழங்குகிறது என்பதை அறிவோர் சிலரே.

‘தப்ப’ என்றால் ஊர்ந்தான் என்பது பொருள். உயிரினங்களைக் குறிக்கத் திருமறை ஆளும் ‘தாப்பத்’ என்னும் சொல்லும் இவ்வேரினின்று எழுந்ததே. மரச்சட்டத்தின்மேல் தோலைப் போர்த்தி, உள்ளே வீரர் புகுந்து, கோட்டை மதிலின் அடிவரை தள்ளிச் செல்லும் கருவிக்கே முன்னோர் இப்பெயரை இட்டனர்.

ஹுனைன் போரை அடுத்து, கி.பி. 630இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாயிப் நகரை முற்றுகையிட்டார்கள். அப்போது தோழர்கள் சிலர் தப்பாபாவினுள் புகுந்து மதிலைத் துளைக்கச் சென்றனர் என இப்னு ஹிஷாம் எழுதுகிறார். தகீப் குலத்தார் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டுகளை அதன்மீது எறிந்தனர். வெளியே வந்தோர்மீது அம்புகள் பாய்ந்தன, சிலர் ஷஹீதாயினர். அம்பைத் தடுத்த கூரை நெருப்பைத் தாங்கவில்லை.

காலாட்படையினரை எதிரியின் அருகே உயிருடன் சேர்ப்பது எவ்வாறு? இதே வினா ஐரோப்பியரையும் வாட்டியது. 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் முதல் டாங்கிகள் உருண்டன. அவற்றின் பின்னே நடந்தவர்களுக்கோ கவசமில்லை. 1918இல் ஆங்கிலேயர் முப்பது வீரர் அமரத்தக்க ‘மார்க் 9’ வண்டியை அமைத்தனர். 34 மட்டுமே செய்யப்பெற்றன. 1944இல் நார்மண்டியில் கனடியர், கவச வண்டிகளிலிருந்து பீரங்கிகளைக் கழற்றிவிட்டு வீரரை ஏற்றினர்.

1952இல் அமெரிக்கர் படைத்த எம்.75 எஃகினாலானது, கனத்தது, நீரில் மிதவாதது. 1960இல் வந்த எம்.113 அக்குறையைத் தீர்த்தது. அலுமினியம் இலேசானதாகலின் தகட்டைத் தடிப்பாக வைக்க முடிந்தது. தடித்த தகடு தன்னைத்தானே தாங்குவதால் உட்சட்டங்கள் குறைந்தன. பதினொரு வீரரைச் சுமந்து அது ஆற்றையும் நீந்திற்று. ஆனால் 1963 ஜனவரியில் வியட்நாமின் ஆப் பாக்கில், அதன் மேற்புறம் நின்று இயந்திரத் துப்பாக்கியைச் சுட்டவர் பலர் மாண்டனர். அதன் பின்னரே அவ்விடத்துக்குக் கேடயம் பொருத்தப்பட்டது. தாயிபின் பாடம் மீண்டும் உயிர்களைக் கொடுத்தே கற்கப்பட்டது.

நம் நாட்டில், சோவியத் நாட்டின் பி.எம்.பி.2 வண்டி ‘சரத்’ என்னும் பெயரில் 1987 முதல் மேடக்கில் உருவாயிற்று. மூவர் இயக்க, எழுவர் அமரும் அவ்வண்டி சங்கிலிப் பட்டைகளைச் சுழற்றியே நீரையும் கடக்கும். அதன் இயந்திரம் பிறப்பது, 1965இல் விஜயந்தா டாங்கியை ஈன்ற நம் ஆவடியில். மேடக்கையும் ஆவடியையும் இணைத்து 2021இல் அமைந்த நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடியே.

தாயிப் மதில் அன்று திறக்கவில்லை, முற்றுகை நீக்கப்பட்டது. தகீப் குலத்தாரைச் சபிக்குமாறு தோழர்கள் வேண்ட, அண்ணலாரோ அவர்களுக்கு நேர்வழி கிட்ட இறைஞ்சினார்கள். மறு ஆண்டே அக்குலத்தின் தூதுக்குழு மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றது. படைவீரனைக் காக்கக் கவசம் தேவைதான். அன்று தப்பாபா திறக்காத வாயிலைத் திறந்தது துஆ என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்வோம்.