கண்ணீருக்கு ஒரு மூடி

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரி எல்லோருக்கும் தெரியும். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனிலிருந்து ரிச்சர்ட்சன் என்ற மருத்துவரை அனுப்பி அதைத் தொடங்கியபோது அது எழும்பூரில் இல்லை, நம் மயிலாப்பூரை அடுத்த ராயப்பேட்டையில் இருந்தது. பிறகுதான் இடம் மாறியது. அங்கே பணியாற்றிய எலியட் என்ற மருத்துவர் 1909-இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டார். கண் நீர் அழுத்த நோய்க்கு, கண்ணில் சின்னதாக வட்டத் துளை போட்டு உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றும் அறுவை சிகிச்சை அவருடையது.

நான் சொல்ல வந்தது இதற்கு நேர் எதிரான வேலை. துளையை அடைப்பது!

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். மூக்கோரத்தில் ஊசி முனை அளவு ஒரு புள்ளி தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் இந்த வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசப்பதும், அழுதால் மூக்கு ஒழுகுவதும் இதனால்தான். கண்ணீர் குறைவாகச் சுரப்பவர்களுக்கு இந்த வடிகாலை மூடிவிட்டால், இருக்கிற ஈரமாவது கண்ணில் தங்கும் அல்லவா?

1935-இல் அமெரிக்காவில் பீத்தம் என்பவர் மின்சாரத்தால் சுட்டு இந்தத் துளையை மூடினார். பலன் கிடைத்தது. ஆனால் சுட்டது சுட்டதுதான். கண்ணீர் பின்னால் அதிகமானால் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கும். 1961-இல் ஃபோல்ட்ஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் கரைந்துபோகும் ஜெலட்டின் குச்சியை உள்ளே வைத்துப் பார்த்தார். 1975-இல் மெம்பிஸ் நகரத்து ஃப்ரீமன், வேண்டும்போது வைத்து வேண்டாதபோது எடுக்கக்கூடிய சிலிக்கான் அடைப்பானை அறிமுகப்படுத்தினார். மேலே தட்டையான தலை, நடுவில் மெல்லிய கழுத்து, அடியில் கொஞ்சம் தடித்த முனை. பார்ப்பதற்கு மூக்குத்தி மாதிரி இருக்கும், அரிசியில் பாதிகூட இராது.

அடையாறில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டு கண்ணிலும் இப்போது அதுதான் இருக்கிறது. நாலு வருஷமாகக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல். தண்ணீர் இல்லாமல் ஒரு இட்லி இறங்காது. விரல் மூட்டெல்லாம் வலி. பார்த்த டாக்டர்கள் “வயசாச்சும்மா” என்றே அனுப்பினார்கள். கடைசியில் தி.நகரில் ஒரு இளம் டாக்டர்தான் கண்ணுக்குள் காகிதப் பட்டை வைத்து ஐந்து நிமிஷம் காத்திருந்தார். அது ஷிர்மர் என்ற ஜெர்மானியர் 1903-இல் சொன்ன சோதனை. பட்டை மூன்று மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது. அவர் கண்ணோடு நிற்காமல் வாய், மூட்டு என்று எல்லாம் விசாரித்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஷோகிரன் நோய் என்று தெரிந்தது.

ஸ்வீடன் நாட்டு ஷோகிரன் 1933-இல் எழுதிய ஆய்வேடு, கண் உலர்ந்த 19 பெண்களைப் பற்றியது. அவர்களில் 13 பேருக்கு மூட்டு வாதமும் இருந்தது. இரண்டும் ஒரே நோய் என்றார் அவர். பல்கலைக்கழகம் அந்த ஆய்வுக்குப் போதிய மதிப்பெண் தரவில்லை, ஆசிரியப் பதவியும் கிடைக்கவில்லை! பத்து வருஷம் கழித்து ஆஸ்திரேலியர் ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகே அது பரவலாகத் தெரிய வந்தது. விடைத்தாள் திருத்தியே காலம் கழித்தவள் நான், இதைப் படித்தபோது சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

தங்கைக்கு உடனே பிளக் வைக்கவில்லை. முதலில் சொட்டு மருந்தால் கண்ணின் அழற்சியைக் குறைத்தார்கள். புண்பட்ட கண்ணில் கெட்ட நீரைத் தேக்கி வைப்பது நல்லதில்லையாம். பிறகு சில நாளில் கரையும் கொலாஜன் பிளக் வைத்து, கண்ணீர் வழிகிறதா என்று பார்த்தார்கள். வழியவில்லை. அதன்பின் துளையை அளந்து சிலிக்கான். மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. “வலிக்கலை அக்கா, யாரோ இமையைத் தொட்ட மாதிரி இருந்தது” என்றாள். இடது பக்கத்தது பத்தாம் நாள் காணாமல் போயிற்று. தூக்கத்தில் கசக்கியிருப்பாள். ஒரு அளவு பெரியது வைத்தார்கள், அது நிற்கிறது. சொட்டு மருந்து இன்னும் உண்டு, ஆனால் மணிக்கொரு தரம் இல்லை.

எடுப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு: தலை வெளியே தெரிகிற பிளக்கைச் சிறு இடுக்கியால் பிடித்தால் வந்துவிடும். குழாய்க்குள் முழுதும் இறங்குகிற வகையைத் தெரியாது, பிடிக்கவும் முடியாது. உப்பு நீரைப் பீய்ச்சி மூக்குப் பக்கம் தள்ள வேண்டும், நகராவிட்டால் அறுவை சிகிச்சை. அதனால் வைக்கும்போதே எந்த வகை என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மூக்கோரம் சிவந்து வீங்கினாலோ சீழ் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். நீங்களே நகத்தால் நோண்டாதீர்கள். ரமணி, இது உனக்குத்தான்.