பச்சை இரும்பு மேசை

போன மாசம் ஒரு மேசை வாங்கினேன். ஒரு மேசைக்கெல்லாம் இவ்வளவு நீளமா எழுதணுமான்னு கேட்காதீங்க. விஷயம் இருக்கு.

வாங்கினது பர்னிச்சர் கடையில் இல்லை. தருமபுரியில் ஒரு பழைய இரும்புக் கடையில். ரெண்டு பக்கமும் டிராயர் வெச்ச, பச்சை பெயிண்ட் அடிச்ச, நாம எல்லா அரசு ஆபீஸிலும் பார்த்த அதே இரும்பு மேசை. மழையில் நனைஞ்சு, ஒரு கால் வளைஞ்சு, மேல் பலகையில் ஒட்டின லினோலியம் பாதி உரிஞ்சு கிடந்தது. "சாயந்தரம் கேஸ் கட்டர் வெச்சு அறுத்துடுவோம் அண்ணா. வேணும்னா இப்பவே எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். தராசில் ஏத்தினோம். 54 கிலோ. கிலோ 45 ரூபாய் மேனிக்கு 2,430 ரூபாய். வீட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துற ஷெட்டில் பட்டறை மேசையாப் போட்டுக்கலாம்னு கணக்கு.

பக்கவாட்டுத் தகட்டில் வெள்ளை பெயிண்டில் எழுத்து இருந்தது. ஆபீஸ் பேர் தேய்ஞ்சு போச்சு. 17ன்னு ஒரு நம்பரும், பக்கத்தில் 66ன்னு ஒரு எண்ணும் மட்டும் தெரிஞ்சது. 66 வருஷமாத்தான் இருக்கணும். அந்த எண்தான் என்னைத் தேட வெச்சது.

முதலில் ஒரு வார்த்தை வேடிக்கை. நாம பீரோன்னு சொல்றது துணி, நகை வைக்கிற இரும்பு அலமாரியை. ஆனா பிரெஞ்சு மொழியில் பீரோன்னா எழுதுற மேசை. அந்த மேசை மேல விரிச்ச முரட்டுத் துணியோட பேர் மேசைக்கு ஆகி, மேசை பேர் அது இருக்கிற அறைக்கு ஆகி, அறை பேர் ஆபீஸுக்கு ஆச்சு. 18ஆம் நூற்றாண்டில் அதோட ஆட்சின்னு அர்த்தம் வர ஒரு வாலை ஒட்டினாங்க. பியூரோகிரசி. அதாவது மேசையோட ஆட்சி! மேசைங்கற வார்த்தையும் போர்த்துக்கீசியர் கொண்டு வந்ததுதான். நம்ம ஊரில் அதுவரைக்கும் கணக்கு எழுதினவங்க தரையில் பாய் போட்டு, ஓலையை மடியில் வெச்சு எழுதினாங்க. பின்னாடி சாய்வா மூடி வெச்ச கணக்குப்பிள்ளைப் பெட்டி வந்தது. அதுக்கும் தரையில்தான் உட்காரணும்.

எங்க ஊருக்குக் காகித ஆட்சி வந்த வருஷம் 1792. திப்பு சுல்தானோட நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கும்பெனி கைக்குப் போச்சு. அலெக்சாண்டர் ரீடு தலைமையில் வந்த உதவியாளர்களில் ஒருத்தர் தாமஸ் மன்றோ. 1799 வரைக்கும் இந்தப் பக்கம்தான் வேலை பார்த்தார். பின்னாடி சென்னை கவர்னர் ஆனார். சென்னை தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்காரே, அவரேதான். ஒவ்வொரு விவசாயியோட நிலத்தையும் அளந்து, அவர் பேரிலேயே தீர்வை போடுற ரயத்துவாரி முறை இங்கேதான் உருவாக ஆரம்பிச்சது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வரி கணக்குன்னா எவ்வளவு காகிதம்! அந்தக் காகிதத்தை எங்கே வைக்கிறது?

மரப்பெட்டியில் வெச்சா கரையான். ஓட்டு வீட்டில் வெச்சா மழை. எல்லாத்துக்கும் மேல தீ.

தீ பயம் உலகம் பூரா இருந்தது. மர மேசையும் காகிதமும் மாடி மாடியா அடுக்கின கட்டடங்கள் வந்ததும் அந்தப் பயம் பெருசாச்சு. 1906ல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் லார்கின் கம்பெனிக்கு ஃபிராங்க் லாய்டு ரைட் ஒரு ஆபீஸ் கட்டினார். அதுக்கு மேசை நாற்காலியும் அவரே இரும்பில் வடிவமைச்சார். 1912ல் கிராண்ட் ராபிட்ஸ் ஊரில் ஒரு கம்பெனி இரும்பு ஆபீஸ் சாமான்களுக்குன்னே ஆரம்பிச்சது. இன்னைக்கு அதுக்கு ஸ்டீல்கேஸ்னு பேர். அவங்க முதலில் வித்த சாமான்களில் ஒண்ணு தீப்பிடிக்காத குப்பைக்கூடை. சிகரெட்டை அணைக்காம குப்பைக்கூடையில் போட்ட காலம் அது.

இந்தியாவில் இந்தக் கதையை ஆரம்பிச்சவர் அர்தேஷிர் கோத்ரெஜ். 1897ல் பம்பாயில் பூட்டு செய்ய ஆரம்பிச்சார். அப்புறம் இரும்புப் பெட்டகம். 1923ல் இரும்பு அலமாரி. நம்ம வீட்டு பீரோவுக்கு மூதாதை அதுதான். 1951–52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு 12 லட்சத்துக்கும் மேல இரும்பு ஓட்டுப்பெட்டி விக்ரோலி ஆலையில்தான் செஞ்சாங்க. தகட்டை வெட்டி, மடிச்சு, ஸ்பாட் வெல்டிங் வெச்சு ஒட்டற அதே வேலைதான் பீரோவுக்கும் மேசைக்கும்.

ஆனா தகடு வேணுமே? சுதந்திரத்துக்குப் பிறகு ரொம்ப வருஷம் இரும்பு கட்டுப்பாட்டுப் பொருள். நினைச்சவங்க நினைச்ச அளவு வாங்க முடியாது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர்னு மூணு அரசு உருக்காலை வந்ததில், தட்டையான தகடுக்குன்னே ஜெர்மனி உதவியோட கட்டினது ரூர்கேலா. 1959ல் அதோட முதல் ஊதுலை எரிய ஆரம்பிச்சது. அந்தக் காலத்து மேசை கனமா இருக்கேன்னு ஆச்சரியப்படறோம். தகடு சுலபமாக் கிடைக்காத காலத்திலும் அதில் கஞ்சத்தனம் பண்ணாம செஞ்சிருக்காங்கன்னு நினைச்சா ஆச்சரியம் இன்னும் கூடுது.

இப்போ 66க்கு வரேன். 1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிஞ்சு தருமபுரி தனி மாவட்டம் ஆச்சு. புது மாவட்டம்னா கலெக்டர் ஆபீஸ், கருவூலம், இன்னும் எத்தனையோ ஆபீஸ். ஒவ்வொண்ணுக்கும் மேசை வேணும். தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனம், அதாங்க டான்சி, அதே 1965ல்தான் ஆரம்பிச்சது. டான்சின்னதும் சில பேருக்குக் கோர்ட் கேஸ்தான் ஞாபகம் வரும். ஆனா அரசு ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரும்பு மேசை, பெஞ்ச், அலமாரி செஞ்சு கொடுத்தது அவங்கதான். என் மேசை டான்சி பட்டறையில் பிறந்ததுன்னு நிரூபிக்க என்கிட்ட சீட்டு எதுவும் இல்லை. ஆனா ஒரு வயசு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த பதினேழாம் நம்பர் மேசைன்னு நம்பறதில் தப்பு இல்லைன்னு நினைக்கிறேன்.

அடுத்த பெரிய திருப்பம் 1980. அதுவரைக்கும் கிராமத்துக் கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. கர்ணம், மணியக்காரர் எல்லாம் பரம்பரைப் பதவி. அந்த வருஷம் நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழிச்சது. பிறகு பரிட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள். சிட்டாவும் அடங்கலும் ஒருத்தர் வீட்டுத் திண்ணையிலிருந்து அரசாங்க ஆபீஸுக்கு நகர்ந்தது சின்ன விஷயம் இல்லை. திண்ணையில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாதுன்னு ஒரு சட்டம் இருந்த ஊர்கள் இவை. ஆபீஸ் வாசலில் அந்தச் சட்டம் எழுத்தில் இல்லை.

எழுத்தில் இல்லைன்னுதான் சொன்னேன். மேசையை வண்டியிலிருந்து இறக்கினப்போ அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதை எதுக்குடா வீட்டுக்குக் கொண்டாந்த?" என்றார். பழைய சாமான்னு சொல்றாருன்னு நினைச்சேன். இல்லை. "இந்த மாதிரி மேசைக்கு முன்னாடி உங்க தாத்தா செருப்பை வெளியே கழட்டிட்டு நின்னாரு. பட்டா பேர் மாத்த ஒரு வருஷம் நடந்தாரு. ஒரு நாள்கூட உட்காருன்னு யாரும் சொல்லலை. நானும் கூட நின்னேன்." அவ்வளவுதான் சொன்னார். எந்த ஆபீஸ்னு நான் கேட்கலை. கேட்டு என்ன ஆகப்போகுது?

மேசைக்கு இந்தப் பக்கமும் ஒரு வரலாறு இருக்குன்னு அப்பதான் உறைச்சது. நான் தேடிப் படிச்சது பூரா அந்தப் பக்கம் உட்கார்ந்தவங்க கதை.

ரெண்டு வாரம் மேசையைத் தொடலை. அப்புறம் மெதுவா வேலையை ஆரம்பிச்சேன். இதைச் செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல் தப்பு நான் பண்ணினது. பெயிண்டை உப்புத்தாள் போட்டு உலர்வாவே தேய்ச்சேன். பக்கத்தில் பொண்ணு விளையாடிட்டு இருந்தா. அந்தக் காலத்து எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல கூடாதுன்னு விதி அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஈயத்தூசி குழந்தைங்க மூளையைப் பாதிக்கும். ஞாபகம் வந்ததும் நிறுத்திட்டேன். அப்புறம் தண்ணி போட்டு வாட்டர் பேப்பரில் தேய்ச்சு, முகமூடி போட்டு, கசடை ஈரத்துணியில் வழிச்சு எடுத்தேன். குழந்தைங்களைப் பக்கத்தில் விடாதீங்க. தேய்ச்ச இடத்தைக் கூட்டாதீங்க, ஈரமாத் துடைங்க.

பெயிண்ட் போனதும் உள்ளே தகடு பளிச்சுன்னு இருந்தது. நல்ல ஆலைகளில் ஏழு தொட்டி முறைன்னு ஒண்ணு உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, கழுவி, ஆசிட்டில் துருவெடுத்து, கழுவி, பாஸ்பேட் பூச்சு ஏத்தி, திரும்பக் கழுவி, கடைசித் தொட்டியில் நனைச்சு, அப்புறம்தான் பெயிண்ட். அதை அடுப்பில் வேக வெப்பாங்க. இது எல்லாம் ஒழுங்கா நடந்த மேசை இத்தனை வருஷம் தாங்குது. துரு பிடிச்சது மூணு இடத்தில்தான்: தண்ணி தேங்கின கால் அடியில், லினோலியத்துக்குக் கீழே, ஸ்பாட் வெல்டிங் மடிப்புகளில்.

டிராயர் ஓடுற சட்டங்களைக் கழட்டி ராத்திரி பூரா புளித்தண்ணியில் ஊறப் போட்டேன். புளிக்குப் பேர் போன ஜில்லாவில் இருந்துட்டு ஆசிட் எதுக்கு? புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் லேசான துருவைக் கரைச்சிடும். காலையில் சோடா உப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காய வெச்சு, மெழுகுவத்தி தேய்ச்சா டிராயர் வழுக்கிட்டு ஓடுது. கெட்டியான துருவுக்கு மட்டும் பெயிண்ட் கடையில் விக்கிற பாஸ்பாரிக் ஆசிட் கலவை.

வளைஞ்ச காலை டிங்கர் ஒருத்தர் நிமித்திக் கொடுத்தார். குழி விழுந்த இடத்தில் பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, பச்சை எனாமல் ரெண்டு கை.

உயரம் ஒரு முக்கியமான விஷயம். ஆபீஸ் மேசை உட்கார்ந்து எழுதறதுக்கு, சுமார் 30 அங்குலம். நின்னு வேலை செய்யறவனுக்கு அது முதுகுவலி. எனக்கு 35 அங்குலம் சரியா வந்தது. அதனால கீழே ஆங்கிள் வெல்டு பண்ணி 5 அங்குலம் தூக்கினேன். மேல் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் நேரா வைஸ் மாட்டினா தகடு குழிஞ்சிடும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை மேல போட்டு, வைஸ் போல்ட்டுக்குக் கீழே 6 மில்லிமீட்டர் பட்டை கொடுத்து முறுக்கினேன். இப்போ சுத்தியல் அடிச்சாலும் அசையலை.

இப்படிப்பட்ட மேசைகள் ஏன் இப்போ எடைக்கு வருது? 1992 ஜனவரியில் இரும்பு விலைக் கட்டுப்பாடு போச்சு. தகடு தாராளமாக் கிடைச்சது. கம்ப்யூட்டர் வந்ததும் கீபோர்டுக்குத் தட்டு, வயருக்கு ஓட்டைன்னு மேசையோட வடிவமே மாறிப்போச்சு. மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை மேசைகள் வந்தது. பழசைக் கண்டம் பண்ணி ஏலம் விடறாங்க. ஏலத்தில் எடுக்கிறவருக்கு அது மேசை இல்லை, 54 கிலோ இரும்பு. உருக்கினா வேற ஏதாவது ஆகும், அதில் தப்பும் இல்லை. ஆனா அந்த வெள்ளை பெயிண்ட் நம்பரும் கூடவே உருகிடும். எந்த ஆவணத்திலும் அது இருக்காது.

அதனால அந்த ஒரு கை அகலத்தை மட்டும் நான் தேய்க்கலை. பழைய பச்சையும் 17ம் 66ம் அப்படியே இருக்கு. தூசி உதிராம இருக்க மேல வார்னிஷ் அடிச்சு மூடிட்டேன்.

தருமபுரிதான் பழைய தகடூர்னு உங்களுக்குத் தெரியும். தொண்டைமானோட ஆயுதங்கள் நெய் பூசிக் காவல் வீட்டில் பளபளன்னு இருக்கு, அதியமானோடதோ நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில் கிடக்குன்னு ஔவையார் சொன்னது புறநானூற்றில் இருக்கு. புகழ்ற மாதிரி இகழ்ந்த கதை. உழைச்ச இரும்புதான் பட்டறைக்கு வரும்னு எங்க ஊர்க்காரங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

போன ஞாயித்துக்கிழமை கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர். வெளியே போயிட்டு வந்து பார்த்தா, அப்பா ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஸ்டார்ட்டரைப் பிரிச்சு அந்த மேசை மேல பரப்பி வெச்சிருக்கார். திருகாணி எல்லாம் மேல் டிராயரில். மேசையைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலை, நானும் கேட்கலை. "டெஸ்டரை எடுடா" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

உங்க ஊர்ப் பழைய இரும்புக் கடையில் இப்படி மேசை ஏதாவது கிடந்தா, அறுக்கறதுக்கு முன்னாடி பக்கவாட்டில் நம்பர் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.