பாடும் பலியும்: தமிழ்க் கிறித்தவச் சொல்வழக்கில் துன்பக் கருத்து

1. முன்னுரை

ஒரு சமயம் புதியதொரு மொழியில் வழங்கத் தொடங்கும்போது, அச்சமயத்தின் மையக் கருத்துகளை அம்மொழியின் பழஞ்சொற்களே சுமக்க வேண்டியுள்ளது. அச்சொற்கள் வெறுங்கலங்கள் அல்ல. தமக்கெனப் பொருள் வரலாறு உடையவை. கிறித்தவ நம்பிக்கையின் நடுவில் நிற்பது இயேசுவின் சிலுவைச் சாவு. அது துன்பமாகவும் பலியாகவும் ஒருங்கே உணரப்படுகிறது. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் தொடங்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் வரை, இவ்விரு கருத்துகளையும் உணர்த்தத் தமிழ் பல சொற்களை ஏற்றும் மாற்றியும் வந்துள்ளது. அவற்றுள் பாடு, பலி, கழுவாய், சாட்சி என்னும் சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பாடு

'படு' என்னும் வினையடி முதல் நீண்டு 'பாடு' என்னும் தொழிற்பெயராகிறது. ஞாயிறு படுதல், வலையில் படுதல், துன்பப்படுதல் என இவ்வினையின் பொருட்பரப்பு விரிந்தது. பல்லவர் கால நடுகற்களில், ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்த வீரன் 'பட்டான்' எனக் குறிக்கப்படுகிறான். எனவே நேர்வதை ஏற்றல், பிறர்பொருட்டு உயிர்விடல் ஆகிய இரண்டும் இவ்வினையின் பழம் பொருள்களுள் அடங்குகின்றன.

செயப்பாட்டு வினையை ஆக்கும் துணைவினையும் 'படு' என்பதே. இலத்தீனில் கிறிஸ்துவின் பாடுகளைக் குறிக்கும் 'பாஸியோ' என்னும் சொல்லும், செயப்பாட்டு வினையைக் குறிக்கும் இலக்கணக் கலைச்சொல்லும் 'துன்புறு' எனப் பொருள்படும் ஒரே வினையினின்று பிறந்தவை. தொடர்பற்ற இரு மொழிகளில் அமைந்த இவ்வொற்றுமை நோக்கத்தக்கது.

ஆயின் இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. நற்செய்தி நூல்களின்படி இயேசுவின் சாவு அவருக்கு நேர்ந்தது மட்டுமன்று. அவர் விரும்பி ஏற்றதுமாகும். கிரேக்க மூலத்தில் 'பராதிதோமி' என்னும் வினை இவ்விரு பக்கத்தையும் இணைக்கிறது. யூதாசு இயேசுவைப் பகைவரிடம் சேர்ப்பித்ததற்கும், இயேசு தம்மையே கையளித்ததற்கும் அவ்வொரு வினையே ஆளப்படுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முன்னதைக் 'காட்டிக்கொடு' எனவும் பின்னதை 'ஒப்புக்கொடு' எனவும் பிரிக்கிறது. இதனால் பொருள் தெளிவு கிட்டுகிறது; ஆனால், ஒரே செயலில் வஞ்சகமும் அன்பும் எதிரெதிராக நிற்கும் முரண் மறைந்துவிடுகிறது. இரு கூட்டுவினைகளிலும் 'கொடு' எஞ்சியிருப்பது மட்டுமே மூல ஒற்றுமையின் சுவடு.

இன்றைய வழக்கில் 'பாடுபடு' என்பது கடுமையாக உழைப்பதையே பெரிதும் குறிக்கிறது. 'வயிற்றுப்பாடு' என்பதும் அவ்வாறே. எனவே 'கிறிஸ்துவின் பாடுகள்' என்று கேட்கும் உழவர் செவியில் வேதனையோடு உழைப்பும் ஒலிக்கக்கூடும். திருவிவிலியம் பல இடங்களில் 'துன்புறு' என்னும் வினையை ஆண்டபோதிலும், வழிபாட்டில் 'திருப்பாடுகள்' நீங்காது நிலைத்துள்ளது.

3. பலி

வடமொழியில் 'பலி' என்பது திறை, வரி, படையல் ஆகிய பொருள்களை உடையது. சங்கப் பாடல்களில் காக்கைக்கு இடும் சோறும் பலியே. ஊர்த் தெய்வங்களுக்கு ஆடும் கோழியும் வெட்டும் வழக்கத்தால் குருதிப் பொருள் பின்னர் மேலோங்கியது எனலாம்.

எபிரேய மறைநூல் காணிக்கை வகைகளை வெவ்வேறு சொற்களால் சுட்டுகிறது. முழுதும் எரிக்கப்படுவது 'ஓலா'. மேலே செல்வது என்பது அதன் பொருள். மாவும் எண்ணெயும் கொண்ட குருதியற்ற காணிக்கை 'மின்ஹா'. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவற்றைச் சர்வாங்க தகனபலி, போஜனபலி எனப் 'பலி' என்னும் ஒரே தலைச்சொல்லின்கீழ்க் கொணர்ந்தது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு முன்னதை 'எரிபலி' எனவும் பின்னதை 'உணவுப் படையல்' எனவும் வழங்கி, மூலத்தின் வேறுபாட்டை மீட்டது.

இச்சொல் திருச்சபைகளுக்கிடையே பிளவையும் காட்டுகிறது. கிறிஸ்து ஒரே முறை தம்மைப் பலியாக்கினார் என எபிரேயர் திருமுகம் வற்புறுத்துகிறது. நற்கருணை வழிபாடும் உண்மையான பலியே எனத் திரிதெந்து சங்கம் 1562இல் அறுதியிட்டது; சீர்திருத்தச் சபையினர் அதனை மறுத்தனர். கத்தோலிக்கர் முன்னர்ப் 'பூசை' என்றனர். 1962–65இல் நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 'திருப்பலி' என்பது பெருவழக்காயிற்று. சீர்திருத்தச் சபையினரோ 'இராப்போஜனம்', 'திருவிருந்து' என்றே வழங்குகின்றனர். ஒரே சடங்கின் பெயரிலேயே நானூறு ஆண்டுக் கால இறையியல் வழக்கு பதிந்துள்ளது.

4. கிருபாதார பலியும் கழுவாயும்

உரோமையர் திருமுகம் 3:25இல் வரும் 'ஹிலாஸ்டேரியோன்' என்னும் கிரேக்கச் சொல் மொழிபெயர்ப்பாளரை நெடுங்காலமாகச் சோதித்து வருவது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இது உடன்படிக்கைப் பேழையின் மூடியைக் குறிக்கும். இறைவனின் சினத்தைத் தணிப்பது, பாவக் கறையை நீக்குவது என்னும் இரு பொருள்களுள் எது முதன்மையானது என்பதே வினா. கறை நீக்கமே முதன்மை எனச் சி. எச். டாட் 1935இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். லியோன் மாரிஸ் 1955இல் அதனை மறுத்துச் சினந்தணித்தலை வலியுறுத்தினார்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் 'கிருபாதார பலி' இவ்வழக்கில் நுட்பமான இடம் பெறுகிறது. கிருபை, ஆதாரம், பலி என்னும் மூன்று சொற்களால் ஆன இத்தொடரில் சினம் என்னும் கூறு இல்லை. பலியின் அடிப்படை அருளே என்னும் குறிப்பு உண்டு. பேழையின் மூடிக்கு அம்மொழிபெயர்ப்பு ஆளும் 'கிருபாசனம்' என்பதிலும் கிருபையே முன்னிற்பதால், இரு சொற்களின் உறவும் ஓரளவு காக்கப்பட்டுள்ளது. எனினும் 'பலி' என்ற ஈற்றுச்சொல், வெகுண்ட தெய்வத்துக்குக் குருதி கொடுக்கும் காட்சியைக் கேட்போர் மனத்தில் எழுப்பத் தவறுவதில்லை.

திருவிவிலியம் 'கழுவாய்' என்னும் சொல்லைக் கையாள்கிறது. புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், கொடும் பாவங்களுக்கும் கழுவாய் உண்டு எனவும், செய்ந்நன்றி கொன்றார்க்கு உய்வில்லை எனவும் அறம் கூறுவதைக் குறிப்பிடுகிறார். கழுவுதல் என்னும் வினையை நினைவூட்டும் இச்சொல் கறை நீக்கப் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. ஆயினும் சங்கப் பாடலில் கழுவாய் தேடவேண்டியவன் குற்றம் செய்தவனே. விவிலியத்தில் குற்றமற்ற ஒருவர் பிறருக்குக் கழுவாயாகிறார். பழஞ்சொல் இங்குப் புதுப்பொருள் ஏற்கிறது.

5. சாட்சி

நம்பிக்கைக்காக உயிர்நீத்தவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள் 'சாட்சி கூறுபவர்' என்பதே. தமிழ் இப்பொருளைக் கைவிடவில்லை. வேதசாட்சி, இரத்தசாட்சி, மறைசாட்சி என அடைமொழிகள் மாறினும் 'சாட்சி' நிலைத்துள்ளது. 1693இல் ஓரியூரில் தலைவெட்டுண்ட அருளானந்தரும், 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயமும் இச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றனர். இவ்வழக்கில் வேதனை மதிப்புப் பெறுவது அதன் அளவால் அன்று. அது சான்று பகரும் உண்மையால் ஆகும்.

6. முடிவுரை

இச்சொற்களின் தெரிவு கலைச்சொல்லாக்கத்தோடு முடிவதன்று. துன்பமே இறைவனுக்கு உவப்பானது என்னும் எண்ணம் 'பலி' என்னும் சொல்வழி நுழையுமாயின், ஒடுக்கப்பட்டோரிடம் பொறுத்திரு என்று கூறுவது எளிதாகிவிடும். பலியைவிட இரக்கமே வேண்டும் என்னும் ஓசேயா இறைவாக்கினரின் கூற்றை மத்தேயு நற்செய்தி இருமுறை எடுத்தாள்வதும், பிறவிப் பார்வையற்றவரின் நிலைக்கு எவருடைய பாவமும் காரணமன்று என இயேசு மறுப்பதாக யோவான் நற்செய்தி காட்டுவதும் அவ்வெண்ணத்துக்கு எதிரானவை. பாடு ஏற்றலையும், கழுவாய் தூய்மையையும், சாட்சி உண்மையையும் முன்னிறுத்துகின்றன. பலி என்னும் சொல்லை இம்மூன்றின் துணையின்றித் தனித்து ஆளும்போதே பொருள் திரிபு நேர்கிறது. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவதோடு அமையாது, அச்சொற்கள் ஒன்றையொன்று திருத்தி நிற்கும் தொகுதியையும் காத்தல் இன்றியமையாததாகும்.