திஹுவானாவின் மலிவு அறைகள்

மெக்சிக்கோவின் எல்லை நகரம் திஹுவானா. அங்க மலிவான ஹோட்டல் அறை எண்டால், இன்று எங்களுக்கு ஞாபகம் வருவது அகதிகளின் காத்திருப்பு. ஆனால் ஒரு காலத்தில் இந்த நகரத்து ஹோட்டல்களை நிரப்பியவர்கள் அமெரிக்கர்கள்.

1920 இல் அமெரிக்கா மதுவைத் தடை செய்தது. குடிக்கவும் சூதாடவும் அவர்கள் தெற்கே வந்தார்கள். 1928 இல் அகுவா கலியென்தே என்ற ஆடம்பர விடுதி திறந்தது. 1933 இல் மதுவிலக்கு முடிந்தது. 1935 இல் மெக்சிக்கோ ஜனாதிபதி கார்தெனாஸ் சூதாட்டத்தைத் தடை செய்தார். விடுதி மூடப்பட்டு, அந்த இடம் பிறகு பாடசாலையானது.

1994 இல் 'ஒப்பரேஷன் கேட்கீப்பர்' மூலம் அமெரிக்கா இந்த எல்லையை இறுக்கியது. 2019 இல் இன்னும் ஒரு படி மேலே போய், புகலிடம் கேட்டவர்களையே மெக்சிக்கோவுக்குத் திருப்பியனுப்பி, வழக்கு முடியும்வரை அங்கேயே இருக்கச் சொன்னது. கையில காசு இருந்தவர்கள் மலிவு அறை எடுத்தார்கள். இல்லாதவர்கள் முகாம்களில் படுத்தார்கள்.

இந்தக் கதையில எங்கட ஆக்களும் இருக்கினம். 2017 இல் ஈழத் தமிழர் ஒருவர் திஹுவானாவை ஒட்டிய எல்லையைக் கடந்து 25 யார் தூரத்தில் பிடிபட்டார். விரைவு நாடுகடத்தலுக்கு எதிராக நீதிமன்றம் போனார். 2020 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருக்குப் பின்னால வந்து, அவரைப் போலவே எல்லையைக் கடந்த உடனே பிடிபட்டு விரைவு நாடுகடத்தலுக்கு உள்ளாகும் மற்ற நாட்டு அகதிகளையும் அந்தத் தீர்ப்புக் கட்டுப்படுத்துகிறது.

ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிக்கிட்டவர்களின் கதைகளை வீட்டில கேட்டு வளர்ந்த நாங்கள், இந்த நகரத்தின் வரலாற்றையும் சேர்த்து வாசிக்க வேணும்.