புகையிரதம் போன வழியே வீடும் போயிற்று



கையிலுள்ள பணம் அளவானது. பிள்ளைகள் வளர்ந்து வருகின்றார்கள். கந்தோரோ நகரத்தின் நடுவிலே இருக்கின்றது. அங்கே நல்லதொரு வீட்டை வாங்கும் வசதி நமக்கு இல்லை. நகரை விட்டுத் தூரப் போனால் காணி மலிவு, காற்றும் நல்லது; ஆயின் நாள்தோறும் போய்வரும் செலவும் நேரமும் அந்த மலிவைத் தின்றுவிடுகின்றன. இவ்வாறு கணக்குப் பார்த்துப் பார்த்து இரவில் விளக்கை அணைக்க மறந்துபோகும் குடும்பத் தலைவர்கள் எல்லா நாடுகளிலும் உளர். இந்தக் கணக்கை இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே காலத்தில் போட்டுப் பார்த்த நகரம் ஒன்று உண்டு. அஃது இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து இலண்டன். அந்தக் கதையையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

முன்னொரு காலத்தில் இலண்டனில் தொழில் செய்தவன் தன் தொழிலிடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்திலேயே குடியிருந்தான். நெருக்கடி எவ்வளவாயினும் வேறு வழியிருக்கவில்லை. புகையிரதம் வந்த பின்னரே நிலைமை மாறியது. 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் பாடிங்டனுக்கும் பாரிங்டனுக்கும் இடையே உலகின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அதனை அமைத்தது மெற்றோபொலிற்றன் புகையிரதக் கம்பெனி. நீராவி எஞ்சின் சுரங்கத்தினுள்ளே புகை கக்கிச் செல்ல, பயணிகள் இருமிக்கொண்டே பயணஞ் செய்தார்கள், ஆயினும் செய்தார்கள்.

ஏழைத் தொழிலாளருக்குத் தூரத்து வீடு எட்டாக்கனியாகாதிருக்க அரசாங்கமும் ஓரளவு முயன்றது. 1883ஆம் ஆண்டின் மலிவுப் புகையிரதச் சட்டம், தொழிலாளருக்கெனக் குறைந்த கட்டண வண்டிகளை விடுமாறு கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வழி செய்தது. கிழக்கிலே சென்ற கிரேட் ஈஸ்டேர்ண் கம்பெனி, போகவும் வரவும் இரண்டு பென்ஸ் கட்டணத்தில் விடியற்காலை வண்டிகளை ஓட்டியது. அவற்றின் பயனாக எட்மன்டன், வால்தம்ஸ்ரோ ஆகிய ஊர்கள் தொழிலாளர் வீடுகளால் நிறைந்தன. எந்தத் திசையில் மலிவான வண்டி சென்றதோ அந்தத் திசையில் மலிவான வீடும் எழுந்தது. இந்த விதி பின்னரும் மாறவில்லை.

மெற்றோபொலிற்றன் கம்பெனி சென்றதோ வடமேற்குத் திசை. அங்கே பசும்புல் வெளிகளும் சிறு கிராமங்களும் இருந்தன. 1880இல் ஹரோவையும், 1885இல் பின்னர் என்னும் ஊரையும், 1887இல் றிக்மன்ஸ்வர்த்தையும், 1892இல் எய்ல்ஸ்பரியையும் அதன் பாதை அடைந்தது. (‘பின்னர்’ என்பது ஊரின் பெயரேயன்றிப் பிறகு எனும் பொருளுடையதன்று, நேயர்கள் மயங்கற்க.) ஆனால் வயல்வெளிக்கு வண்டி விட்டால் ஏறுவதற்கு ஆள் வேண்டுமே! ஆளைக் கொண்டுவர வேண்டுமாயின் முதலில் வீட்டைக் கட்டவேண்டும். சாதாரணமாக, பாதை அமைத்தபின் எஞ்சும் காணியைப் புகையிரதக் கம்பெனிகள் விற்றுவிட வேண்டும் என்பது சட்டம். மெற்றோபொலிற்றன் கம்பெனி மட்டும் அந்தக் காணிகளைத் தானே வைத்திருந்து பயன்படுத்தும் விசேட உரிமையைப் பெற்றிருந்தது. இதனைத் தக்கவாறு பயன்படுத்தியவர் 1908ஆம் ஆண்டு முதல் 1930இல் மறையும்வரை அதன் பொது முகாமையாளராக விளங்கிய றொபேட் செல்பி என்பவர். 1919ஆம் ஆண்டிலே காணி விற்கவும் வீடு கட்டவும் தனியான ஒரு கம்பெனி அவர் முயற்சியால் தோன்றியது.

அதற்கு முன்னரே, 1915இல், விளம்பரத்துறையினர் அந்தப் பிரதேசத்துக்குப் பெயரும் வைத்துவிட்டனர். ‘மெற்றோலாண்ட்’ என்பதே அப்பெயர். தேசப்படத்தில் இல்லாத ஒரு நாட்டை ஒரு புகையிரதக் கம்பெனி உண்டாக்கிவிட்டது! ஆண்டுதோறும் அப்பெயரில் ஒரு கைந்நூல் 1932 வரை வெளிவந்தது. பூத்த மரங்கள், பழைய குடிசைகள், வளைந்த கிராமத்துப் பாதைகள் ஆகியவற்றின் படங்களை முன்னே போட்டு, பின்னே வீட்டு விளம்பரங்களை வைத்தனர். புகைமண்டிய வாடகை வீட்டில் இருந்து அதனைப் புரட்டிய எழுதுவினைஞரின் மனைவிக்கு அப்படங்கள் என்ன செய்திருக்கும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் ஆசை மட்டும் வீடாகாது. 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சொந்த வீடு என்பது வசதியுடையோர்க்கே உரியதாயிருந்தது. ஏனையோர் வாடகைக்கே இருந்தனர். இந்நிலையை மாற்றியது வட்டி. 1931 செப்ரெம்பரில் பிரித்தானியா தங்க நியமத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் இங்கிலாந்து வங்கியின் வட்டி நூற்றுக்கு 2 வீதமாக இறங்கியது. சிறு சேமிப்பாளரின் பணத்தைத் திரட்டி வீட்டை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுக்கும் கட்டடச் சங்கங்களிடம் பணம் வந்து குவிந்தது. குவிந்த பணத்தைக் கொடுத்தாக வேண்டுமே. அவை கேட்ட வட்டி ஏறக்குறைய 6 வீதத்திலிருந்து 4½ வீதத்துக்குத் தாழ்ந்தது. தவணைக் காலமும் நீண்டது.

இதனை எண்ணால் பார்ப்போம். 500 பவுண் கடன் என்று கொள்ளுங்கள். 6 வீத வட்டியில் 20 ஆண்டில் தீர்ப்பதாயின் வாரமொன்றுக்கு ஏறக்குறைய 16 ஷில்லிங் 9 பென்ஸ் கட்டவேண்டும். 4½ வீதத்தில் 25 ஆண்டில் தீர்ப்பதாயின் 13 ஷில்லிங் போதும். ஆண்டுக்கு 200 பவுண் அளவில் சம்பளம் பெறும் ஒருவருக்கு வாரத்தில் மிஞ்சும் இந்த நான்கு ஷில்லிங் சிறு தொகையன்று. அவருடைய புகையிரதப் பருவச் சீட்டுக்கு வேண்டிய பணம் இதிலிருந்தே வந்திருக்கலாம்.

இன்னொரு தடை முற்பணம். சங்கங்கள் வழக்கமாக வீட்டின் பெறுமதியில் முக்காற்பங்கு அல்லது அதற்குச் சிறிது கூடவே கடன் கொடுக்கும். 600 பவுண் வீட்டுக்கு 150 பவுண் கையில் இருக்கவேண்டும். அத்தனை பணம் சேர்த்து முடிப்பதற்குள் பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போய்விடுவார்கள். இங்கே கட்டட ஒப்பந்தகாரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தாம் ஒரு தொகையைப் பொதுப் பிணையாகச் சங்கத்தில் வைத்து, அதன் பலத்தில் 95 வீதம் வரை கடன் கொடுக்கச் செய்தார்கள். 150 பவுண் 30 பவுணாயிற்று. மாதச் சம்பளக்காரர் ஒருவர் சிக்கனமாயிருந்து சேர்க்கக்கூடிய தொகை இது. ஆனால் இந்தத் தயவுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. அதனைப் பின்னே காண்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனும் மனைவியும் பிள்ளைகளுடன் புறநகர் வண்டியேறிச் சென்று வீடு பார்ப்பது அக்காலத்தில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. நிலையத்திலே ஒப்பந்தகாரரின் மோட்டார் வண்டி காத்து நிற்கும். தளபாடங்களோடு அலங்கரித்த மாதிரி வீடு திறந்திருக்கும். நடுச்சுவரைப் பொதுவாகக் கொண்ட இரட்டை வீடு, முன்னே வளைந்து நீண்ட சாளரம், மேலே மூன்று படுக்கையறை (மூன்றாவது அறையில் ஒரு கட்டிலைப் போட்டால் கதவைத் திறப்பது கடினம்), பின்னே தோட்டம். குளிக்கும் அறை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பொது முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பழகிய பெண்ணுக்கு இந்த ஒன்றே போதும்.

எந்தத் திசையைத் தெரிவது? அளவான பணமுடையோர்க்கு இதுவே பெரிய கேள்வி. வடமேற்கிலே பெயரும் அழகும் இருந்தன. அவற்றுக்கு விலையும் இருந்தது. தென்கிழக்கிலே, சதேர்ண் கம்பெனி தன் புறநகர்ப் பாதைகளை மின்மயமாக்கிக்கொண்டு வந்தது. 1926இல் பெக்ஸ்லிஹீத் பாதை மின்வண்டி கண்டது. அப்பக்கத்தில் 400 பவுண் அளவிலும் வீடு கிடைத்தது. அதே ஆண்டில் தெற்கே மோர்டன் வரைக்கும், அதற்கு இரண்டு ஆண்டு முன்னர் வடக்கே எட்ஜ்வெயார் வரைக்கும் நிலக்கீழ் வண்டி நீண்டது. ஹரோவுக்கு அப்பால் றேய்னர்ஸ் லேன் என்றொரு நிலையம் உண்டு. 1906இல் வெட்டவெளியின் நடுவே அமைத்த சிறு தரிப்பிடம் அது. காற்று வீசும் குளிரைக் கண்டு ‘நியுமோனியாச் சந்தி’ என்று கேலி செய்தார்கள். 1930இல் ஏறக்குறைய 22,000 பயணிகளே அதனைப் பயன்படுத்தினர். 1937இல் அத்தொகை 40 இலட்சம்! ஏழே ஆண்டில் வயல் நகரமாயிற்று.

நகரமாயிற்று என்று சொன்னேன், அவசரப்பட்டுவிட்டேன் போலும். வீடுகள் எழுந்தன, பாடசாலை எழச் சில ஆண்டுகள் சென்றன. வீதி மண்ணாயிருந்தது, அதனைச் செப்பனிடும் செலவைப் பல இடங்களில் வீட்டுக்காரரே பின்னர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவேதான் ‘வீதிச் செலவு இல்லை, உறுதி எழுதும் செலவும் இல்லை’ என்று சில ஒப்பந்தகாரர் விளம்பரஞ் செய்தனர். விலையைக் கேட்டவர் பலர். வீதியைக் கேட்டவர் சிலர். மருத்துவர் எங்கே, கடை எத்தனை மைல், மழைநாளில் நிலையத்துக்கு எப்படி நடப்பது என்பவற்றைக் கேட்க மாதிரி வீட்டின் மின்னொளியில் யாருக்கும் தோன்றவில்லை.

கணவன் காலை வண்டியில் போய்விடுவான். பிள்ளைகளும் போனபின், அயலாரை அறியாத புதுத் தெருவிலே மனைவி தனித்திருப்பாள். தாய்வீடு தொலைவு, கடனைக் கட்டியபின் பேருந்துக்கும் கையில் காசில்லை. 1938இல் ஸ்ரீபன் ரெயிலர் என்னும் மருத்துவர் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் இத்தகைய பெண்களிடம் தாம் கண்ட மனத்தளர்ச்சியைப் பற்றி எழுதி, அதற்குப் ‘புறநகர் நரம்புநோய்’ என்று பெயரும் சூட்டினார். அவருடைய விளக்கம் முழுவதையும் நான் ஏற்பேனல்லேன். பெண்களின் துயரை அவர் சற்று எள்ளலோடு நோக்கினார் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் துயர் பொய்யன்று. குடும்பத்துக்கு ஏற்ற ஊர் என்று தெரிந்தவர்கள் குடும்பத்தில் யாருக்கு ஏற்றது என்று கேட்கவில்லை.

இனி அந்த முள்ளுக்கு வருவோம். கென்ற் மாகாணத்து வெஸ்ற் விக்கம் அருகே கோனி ஹோல் என்னும் புதுக் குடியிருப்பில், 1934ஆம் ஆண்டு, ஒரு ராக்சிச் சாரதியும் அவர் மனைவி எல்சி போடர்ஸ் என்பவரும் 700 பவுணுக்குச் சற்றுக் குறைந்த விலையில் ஒரு வீடு வாங்கினார்கள். சிறிது காலத்தில் கூரை ஒழுகியது. சுவரில் ஈரம் ஏறியது. ஏனோதானோவென்று கட்டிய வீடு அது. முறையிட்டும் பயனில்லை. 1937இல் அப்பெண்மணி தவணை கட்டுவதை நிறுத்தினார். சங்கம் வீட்டை மீட்க வழக்கிட்டது. அவரோ எதிர்வழக்கிட்டார். சங்கம் கடன் கொடுத்தமையே வீடு நல்லது என்று நம்பச் செய்தது என்பதும், ஒப்பந்தகாரரின் பிணையை நம்பி வரம்பு மீறிக் கடன் கொடுத்தது முறையன்று என்பதும் அவர் வாதம். சட்டத்தரணியை அமர்த்தப் பணமில்லை. தாமே சட்டநூல்களைப் படித்து உயர்நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடினார். பத்திரிகைகள் அவரை நாடகத்துப் போர்சியாவுக்கு ஒப்பிட்டு எழுதின. பல குடியிருப்புகளில் பிறரும் தவணை மறுக்கத் தொடங்கினர்.

1939இல் முதல் நீதிபதி சங்கத்தின் கோரிக்கையையும் தள்ளினார், எதிர்வழக்கையும் தள்ளினார். வழக்கு மேலே சென்று, 1941இல் பிரபுக்கள் சபையில் சங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. போடர்ஸ் அம்மையார் தோற்றார். ஆயின் அவர் எழுப்பிய அமளியின் நடுவே, 1939ஆம் ஆண்டிலேயே, ஒப்பந்தகாரர் பிணையை ஒழுங்குபடுத்தும் கட்டடச் சங்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது.

அதே ஆண்டு போர் மூண்டது. தனியார் வீடு கட்டுவதும் அத்துடன் நின்றது. இரு போர்களுக்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 40 இலட்சம் வீடுகள் எழுந்திருந்தன. அவற்றுள் ஏறக்குறைய 11 இலட்சம் உள்ளூராட்சி மன்றங்கள் கட்டியவை. இலண்டன் மேலும் பரவாதிருக்கப் பசுமை வளையச் சட்டம் 1938இல் வந்திருந்தது. 1944இல், பாரிய இலண்டன் திட்டத்தைத் தயாரித்தவர் பற்றிக் அபகுறொம்பி.

இந்தப் பெயரை நம்மவரும் அறிவர். 1948ஆம் ஆண்டின் கொழும்புப் பிரதேசத் திட்டத்தை வகுத்தவரும் அவரே. கோட்டைக்கு நாள்தோறும் வருவோரின் நெருக்கடியைக் குறைக்க அவர் குறித்த துணைநகரங்கள் மூன்று: ரத்மலானை, ஹோமாகம, ராகம. மூன்றும் புகையிரதப் பாதையை ஒட்டியவை. அதற்கு முன்னரே கடலோரப் பாதையைப் பற்றிக்கொண்டு வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் வீடு தேடிய நம்மவர் எத்தனையோ பேர். வடக்கிலிருந்து வந்து கந்தோரில் அமர்ந்த அவர்கள், ‘எத்தனை நிமிடத்தில் கோட்டைக்குப் போகலாம்? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே? கிணற்றுத் தண்ணீர் நல்லதா?’ என்று மூன்று கேள்வி கேட்டபின்னரே விலையைக் கேட்டார்கள்.