ஒண்ணுமில்லீங்க!

பக்கத்து வீட்டில் ராத்திரி பாத்திரம் பறக்கிற சத்தம். காலையில் அந்த அம்மாவிடம் ''என்னங்க ஆச்சு?'' என்று கேட்டுப் பாருங்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ''ஒண்ணுமில்லீங்க!'' என்பார்.

அந்த ஒரு சொல்லையே தலைப்பாக்கி ஒரு நாவல் எழுதினார், கார்மென் லாஃபோரெட் என்ற 23 வயதுப் பெண். நாவலின் பெயர் 'நாதா'. நம் காதுக்கு ஏதோ சாமியைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். ஸ்பானிஷ் மொழியில் அதற்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம்!

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1939-ல் ஜெனரல் ஃபிராங்கோ ஜெயித்தார். தோற்றவர்களுக்குச் சிறை, துப்பாக்கிக் குண்டு. தப்பியவர்கள் நாட்டை விட்டே ஓடினார்கள். மிச்சமிருந்த ஜனங்களுக்கு ரேஷன் கார்டும் பசியும். புத்தகம் அச்சேற வேண்டுமென்றால் முதலில் தணிக்கை அதிகாரி தலையாட்ட வேண்டும்.

கேனரி தீவில் வளர்ந்த கார்மென், படிப்பதற்காக பார்சிலோனா திரும்பியது அதே 1939-ல்தான். அப்போது வயது 18. அவருடைய நாயகி ஆந்த்ரேயாவும் படிக்கத்தான் வருகிறாள். நள்ளிரவில் ரயிலை விட்டு இறங்கி, அரிபாவ் தெருவில் பாட்டி வீட்டுக்குப் போகிறாள். கதவு திறந்தால்... அது வீடா, குடோனா? ஃப்ளாட்டில் பாதி கைவிட்டுப் போய், மொத்தச் சாமானும் மீதிப் பாதியில் குவிந்து கிடக்கிறது. ஒரு மாமா மனைவியை அடிக்கிறார். இன்னொரு மாமா வயலின் வாசிக்கிறார், கூடவே எல்லோரையும் வார்த்தையால் குத்துகிறார். ஆந்த்ரேயாவோ காய்கறி வேகவைத்த தண்ணீரைக் குடித்து வயிற்றை ரொப்புகிறாள்.

இந்த வீடு ஏன் இப்படி ஆச்சு? நாவல் நம்மை உட்காரவைத்து விளக்குவதில்லை. போரில் பக்கம் மாறியது, உளவு பார்த்தது, காட்டிக்கொடுத்தது எல்லாம் சண்டைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வந்து விழும். நாம்தான் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தணிக்கை அதிகாரி பொறுக்கவில்லை. ஒரு மாணவி சொந்தக்காரர் வீட்டில் ஒரு வருஷம் தங்கிய சப்பென்ற கதை, இலக்கியத் தரம் கிடையாது, வெளியிட ஆட்சேபணை இல்லை என்கிற ரீதியில் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டார்!

1945 ஜனவரி 6. 'தெஸ்தீனோ' வாரப் பத்திரிகை ஆரம்பித்த நதால் பரிசு முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. வென்றது, பெரிய மனிதர் யாருமில்லை... 'நாதா'! வாசகர்களுக்கு அந்தக் குறிப்பு தேவைப்படவில்லை. அரிபாவ் தெரு வீட்டில் அவரவர் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு விஷயம். நல்ல பெண் என்றால் கல்யாணம், குழந்தை, அடுக்களை என்று அரசாங்கமே பாடம் நடத்திய காலம் அது. ஆந்த்ரேயாவோ தெருத்தெருவாகத் தனியே சுற்றுகிறாள். கதை அவள் கல்யாணத்தில் முடியவும் இல்லை. பின்னால் வந்த எழுத்தாளர் கார்மென் மார்த்தின் கைத்தே, இந்த ரக நாயகிகளுக்கு 'விசித்திரப் பெண்' என்றே பெயர் சூட்டினார்.

1963-க்குப் பிறகு லாஃபோரெட் தன் ஆயுளில் வேறு நாவல் வெளியிடவில்லை. எழுதி வைத்திருந்த ஒன்று வெளிவந்தது 2004-ல், அவர் இறந்த அதே ஆண்டில்!

அந்தக் கால ஸ்பானிஷ் நாவல் எதையாவது படிக்க நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் யாராவது சட்டென்று பேச்சை மாற்றினால், அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஃபிராங்கோ காலத்துச் சரித்திரம் அங்கேதான் பதுங்கியிருக்கிறது!