கேம்ஷாஃப்ட் மாற்றுமுன் ஒரு சின்ன வரலாறு



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், தன் செவர்லே சில்வராடோ பிக்கப் டிரக்குக்குப் பெரிய கேம்ஷாஃப்ட் போடலாமா என்று கேட்டிருக்கிறான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்!

சுழலும் தண்டில் புடைப்பு வைத்து இயந்திரத்தை நேரப்படி இயக்கும் உத்தி, அல்-ஜசாரி 1206-இல் முடித்த நூலிலேயே இருக்கிறது. எஞ்சினில் வால்வு எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை அந்தப் புடைப்புதான் தீர்மானிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் அதை வேறு வடிவில் அரைத்துக் கொடுத்து வேகம் கூட்டினார்கள். அன்று கேம் மாற்றினால் கார்புரேட்டரையும் இக்னிஷன் டைமிங்கையும் கையாலேயே சரிசெய்துவிடலாம்.

1999 மாடலாகச் சில்வராடோ வந்தபோது அந்த வேலை கம்ப்யூட்டர் கையில் இருந்தது. பழைய கேமுக்கு எழுதிய கணக்குப்படியே அது பெட்ரோலும் ஸ்பார்க்கும் கொடுக்கும். கணக்கைத் திருத்தாமல் பெரிய கேம் போட்டால் ஐடிலிங்கில் வண்டி திணறும், நின்றும் போகலாம். ஆகவே ட்யூனிங் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

இன்னொன்று. வால்வு அதிக நேரம் திறந்திருந்தால் சக்தி மேல் ஆர்பிஎம்முக்கு நகரும்; கீழே இழுவை குறையும். பந்தயக்காரருக்கு அது லாபம். இவனோ டிரெய்லர் இழுக்கிறவன்!

“தம்பி, வண்டிக்கு என்ன வேலை என்று முதலில் முடிவு செய். அதற்கேற்ற சிறிய கேமே போதும்” என்று பதில் எழுதியிருக்கிறேன். மெக்கானிக்காக இருக்கும் நம் பிள்ளைகள் உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.